கஞ்சாக்காரர் கூடலுக்கு முழுப் பன்றி: கச்சான்காரன் ஒருவனின் பதில்

கேள்வி இதுதான்: "ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டத்தில் கஞ்சா வளர்க்கும் நண்பர்கள் நாற்பது பேர் செப்டெம்பர் கடைசியில் ஒரு பண்ணையில் கூடுகிறோம். முழுப் பன்றி ஒன்றை வெளியில் நெருப்பு மூட்டிச் சுட யோசனை. செய்து பார்த்த தமிழர்கள் யாராவது இருக்கிறீர்களா?"

இருக்கிறேன். இரண்டு தரம் செய்திருக்கிறேன். முதல் தரம் செய்ததை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் இன்னும் 'கரிப்பன்றி' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பழியின் பாதி எனக்குச் சேராது. அதனால்தான் இந்தப் பதில் நீளம்.

உண்மையைச் சொன்னால், கேள்வியை முதலில் 'கச்சான் வளர்க்கும் நண்பர்கள்' என்றுதான் வாசித்தேன். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: கச்சான் என்றால் உங்கள் வேர்க்கடலை.) இலங்கையின் வன்னியில் முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் தண்ணீரை நம்பிக் கச்சான் போடுகிறவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். இரண்டாம் முறை வாசித்த பிறகுதான் விளங்கியது. சரி, யார் தின்னப் போகிறார்கள் என்பது பன்றிக்கு ஒரு பொருட்டில்லை.

கஞ்சா என்ற சொல்லைக் கண்டதும் பாய்ந்து வருகிறவர்களுக்கு ஒன்று. நான் புகைப்பதும் இல்லை, வளர்ப்பதும் இல்லை. இங்கே ஒரு செடி நட்டாலே பொலிஸ் வந்து படலையைத் தட்டும். கேரளக் கஞ்சாப் பொதி கரையில் பிடிபட்ட செய்தியை வாசித்து வாசித்து அலுத்துவிட்டது. அதில் கெட்டுப்போன பெடியளையும் எனக்குத் தெரியும். ஆனால் கனடாவில் 2018 ஒக்டோபர் 17 இலிருந்து சட்டம் வேறு. ஒன்ராறியோவில் வீட்டுக்கு நாலு செடி வைக்கலாம். ஆளுக்கு நாலு அல்ல, வீட்டுக்கு நாலு. இதை எனக்குச் சொன்னவன் என் மனைவியின் தம்பி. அவனும் நாலு செடிக்காரன்தான். கரிப்பன்றிக்குக் காரணமும் அவன்தான்.

2019 ஓகஸ்டில் வந்திருந்தான். கச்சான் பிடுங்கி முடிந்த நேரம். வாய்க்கால்காரர், சொந்தக்காரர் என்று அறுபது பேருக்கு ஒரு சாப்பாடு கொடுப்போம் என்று நினைத்தேன். வழக்கம்போல இரண்டு கிடாய் அடித்துக் கறி காய்ச்சியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். பண்ணை வெளி, இருபது முப்பது பேர், நடுவில் பொன் நிறத்தில் ஒரு முழுப் பன்றி. அவர்களுடைய செடிக்காரர் கூடலாம். "அத்தான், நான் அங்க நாலு தரம் செய்தனான். நீங்கள் பன்றியை மட்டும் எடுங்கோ, மிச்சத்தை என்னட்ட விடுங்கோ" என்றான். விட்டேன்.

வன்னியில் பன்றி புதிதல்ல. ஆனால் முழுதாகச் சுடுவது எங்கள் பழக்கமில்லை. காட்டுப்பன்றி விழுந்தால் ஓலை கொளுத்தி மயிரைப் பொசுக்கி, சுரண்டி, பங்கு போட்டு வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் காய்ச்சுவார்கள். மிஞ்சினால் வத்தல். அன்றைக்கு நான் எடுத்தது வளர்ப்புப் பன்றி. முல்லைத்தீவுக் கரைப் பக்கம் ஒருவர் வளர்த்தது, குடல் நீக்கி 42 கிலோ. விடிய மூன்று மணிக்கு அவரே வெட்டி, வெந்நீர் ஊற்றிச் சுரண்டித் தந்தார். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மயிர் தோலில் இறுகிவிடும், கை வைத்தால் சுடுகிற அளவு போதும் என்று சொன்னவரும் அவர்தான்.

அதை ஒரு வெள்ளைச் சீலையில் சுற்றி லான்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) போட்டு ஒட்டுசுட்டானுக்கு வந்தோம். ஈஸ்டர் குண்டுகள் வெடித்து நாலு மாதம், வீதியெல்லாம் சோதனை. நாலரை மணி இருட்டில் வெள்ளைச் சீலையில் நீளமாக ஒன்று கிடந்தால் ஆமிக்காரன் என்ன நினைப்பான்? டோர்ச்சை அடித்தான், முகம் மாறியது. "ஊரு மஸ்" (பன்றி இறைச்சி) என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அன்றைக்கு உயிர் காத்த இரண்டு சொல் அவை. சீலையை நீக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குத் தேவையானதெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது.

முதல் பிழை பைப். பன்றியைக் கோர்க்க வளவில் கிடந்த ஜி.ஐ. தண்ணீர்ப் பைப்பை எடுத்தேன். கடைசி நேரத்தில் சந்தி வெல்டிங் கடைத் தம்பி பார்த்துவிட்டான். "அண்ணை, உதை நெருப்பில வைக்காதீங்கோ. உதில வெல்டிங் அடிச்சாலே இரவைக்கு எங்களுக்குக் காய்ச்சல் வரும்" என்றான். பைப்பின் மேல் பூசிய நாகம் (துத்தநாகம்) சூட்டில் புகையாகக் கிளம்பும். துருப்பிடிக்காத இரும்புதான் சரி. அவனே ஒன்றைத் தேடித் தந்தான். கட்டுவதற்கும் கொங்கிரீட் வேலையில் கம்பி முடிகிற கறுப்புக் கட்டுக்கம்பிதான், வேலிக்கம்பி வேண்டாம்.

இரண்டாம் பிழை, முதுகெலும்பைக் கட்டாதது. காலையும் கழுத்தையும் மட்டும் கட்டினோம். பச்சையாக இருக்கும்போது பன்றி விறைப்பு, எல்லாம் சரியாகச் சுற்றியது. இரண்டு மணித்தியாலத்தில் சதை தளர்ந்தது. அதற்குப் பிறகு பைப் சுற்றியது, பன்றி சுற்றவில்லை. வயிறு மேலே, முதுகு கீழே, அப்படியே நின்றுவிட்டது. முதுகெலும்பின் இரு பக்கமும் தோலைத் துளைத்துக் கம்பியை விட்டு, பைப்போடு சேர்த்து ஐந்தாறு இடத்தில் முறுக்க வேண்டும். நெருப்பில் ஏற்ற முதல். ஏற்றிய பிறகு இதைச் செய்தவன் நான். கை இன்னும் சாட்சி சொல்லும்.

மூன்றாவதுதான் கரிப்பன்றியின் மூலம். நெருப்பு. ஓகஸ்டில் சோளகம் எப்படி வீசும் என்பது வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும். (கிழக்குப் பக்கம் மேல்காற்றைக் 'கச்சான்' என்பார்கள். எனக்கு இந்தச் சொல்லிலிருந்து தப்பவே முடியாது.) மச்சான் விறகைப் பன்றிக்கு நேர் கீழே அடுக்கிச் சுவாலையாக எரித்தான். கொழுப்புச் சொட்டியது, நெருப்புப் பாய்ந்தது, காற்று அதைத் தூக்கிக் கொடுத்தது. பத்து மணிக்குத் தோல் கருஞ்சட்டி போல. வந்தவர்கள் எல்லாரும் "ஆகா, வெந்திட்டுது" என்றார்கள். சித்தப்பா மட்டும் கிட்டப் போய்த் தொடையில் கத்தியைக் குத்திப் பார்த்தார். எழுபது தாண்டியவர், ஒரு காலத்தில் இந்தக் காட்டில் தெரியாத இடம் இல்லாதவர். "மோனை, இது வெளியில பிணம், உள்ளுக்கு உயிரோட இருக்கு" என்றார். குத்திய இடத்தில் சிவப்புத் தண்ணீர்.

சுவாலையில் பன்றி சுடக்கூடாது. கரியில் சுட வேண்டும். விறகைத் தள்ளி ஓரிடத்தில் எரித்துத் தணலை மட்டும் சவளால் அள்ளி வர வேண்டும். அந்தத் தணலும் பன்றிக்கு நேர் கீழே அல்ல, இரண்டு பக்கமும் வரிசையாக. தோளுக்கும் தொடைக்கும் அருகே கூட, வயிற்றுப் பக்கம் கொஞ்சம். நடுவில் கொழுப்பு ஏந்த ஒரு தட்டு. பன்றியின் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்தால் எட்டு எண்ணும்வரை தாங்க வேண்டும். நாலில் கையை இழுத்தால் சூடு கூட. காற்றுக்குத் தகரம் சாத்துங்கள், தணலோடு முட்டாமல் தள்ளி. போர் முடிந்து மீள்குடியேறியபோது கொட்டில் போட்ட தகரம் எங்களிடம் ஏராளம். உங்களுக்கு அங்கே வேறு ஏதாவது கிடைக்கும்.

நேரம்? 40 கிலோ என்றால் ஏழெட்டு, ஒன்பது மணித்தியாலம். கரி, பன்றி எத்தனை கிலோவோ ஏறத்தாழ அத்தனை கிலோ. ஆளுக்கு எலும்போடு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே கணக்குப் போடுங்கள். உங்கள் நாற்பது பேருக்கு 25 கிலோப் பன்றி காணும் என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் ஆட்களுக்குப் பசி கூட இருக்கும் என்று மச்சான் சொல்கிறான், 30 ஆக எடுங்கள்.

விறகு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாலையும் வீரையும் போலத் தணல் நிற்கும் மரம் இல்லை. புளியும் நல்லது. வேம்பு கசக்கும். அலரித் தடியைக் குச்சியாகக்கூடச் செருகக் கூடாது, நஞ்சு. ஆனால் பாலைக்கும் வீரைக்கும் இன்றைக்கு நான் எங்கே போவேன்? ஐயா வெட்டித் திருத்தி மூன்று தலைமுறை சாப்பிட்ட காணியில் ஒரு பகுதி இப்போது காடாம். 2008 இல் இடம்பெயர்ந்து போனோம். திரும்பி வந்தபோது பற்றை வளர்ந்து கிடந்தது. ஆளில்லாத காணியில் பற்றை வளராமல் பாலும் தேனுமா ஓடும்? வெட்டித் துப்புரவாக்க முதல் ஒரு திணைக்களம் வந்து எல்லைக்கல்லைப் போட்டுவிட்டுப் போனது. காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவா என்றார்கள். பதுங்கு குழிக்குள் விட்டுவந்த சூட்கேசில் இருக்கிறது, போய் எடுங்கள் என்றேன். அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயா நட்ட புளி கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. விழுந்த கொப்பைப் பொறுக்கினாலும் எனக்கு வழக்கு. சரி, இது உங்கள் கேள்வி இல்லை. தேங்காய்ச் சிரட்டைக் கரி வாங்கினேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு எப்படித் தப்பினோம் என்றால், சித்தப்பா சொன்னபடி மத்தியானம் இரண்டு மணிக்குப் பன்றியை இறக்கினோம். கருகிய தோலைச் சீவினோம். தொடையையும் தோளையும் வெட்டிப் பெண்கள் இரண்டு பெரிய தாச்சியில் போட்டு, உள்ளி, இஞ்சி, மிளகு, கறுவா, கொறுக்காய்ப் புளி எல்லாம் சேர்த்துப் பிரட்டல் வைத்தார்கள். விலாவும் முதுகும் வெந்திருந்தன, அதைச் சுட்ட இறைச்சியாகவே கொடுத்தோம். நாலரை மணிக்குப் பாணும் பிரட்டலும் தேங்காய்ச் சம்பலும். ஒருவரும் குறை சொல்லவில்லை. பசியில் சொல்ல நேரமில்லை. மச்சம் (அசைவம்) தொடாதவர்களுக்கு முதல் நாளே வேறு அடுப்பு, வேறு சட்டி ஒதுக்கியிருந்தேன். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது. உங்கள் கூட்டத்திலும் பன்றி தொடாதவர் இருப்பார், கேட்டு வையுங்கள்.

இரவு சாராயம் இரண்டு உள்ளே போன பிறகுதான் மச்சான் உண்மையைக் கக்கினான். அங்கே அவர்கள் சுடுகிற பெட்டியைச் சில்லு வைத்தபடி வாடகைக்கு எடுப்பார்களாம். உள்ளே காஸ், மோட்டர். பன்றியைக் கோர்ப்பதும் கடைக்காரரே. "அப்ப நீ என்ன செய்தனி?" என்று கேட்டேன். "சுவிட்சைப் போட்டனான் அத்தான்."

நாலு தரம்.

2023 இல் அவன் இல்லாமல் செய்தேன். அந்த முறை எல்லாம் வந்தது. முதல் நாள் இரவு உட்புறம் முழுக்க உப்பு, மிளகு, மஞ்சள், அரைத்த உள்ளி, தேசிக்காய்ப் புளி பூசி, ஐஸ்கட்டி அடைத்து வைத்தேன். தோலுக்கு உப்பு மட்டும். தோல் காய்ந்திருந்தால்தான் மொறுமொறுக்கும், ஈரமாக எதையும் பூசாதீர்கள். மச்சான் ஒருவரிடம் கொடுத்தனுப்பிய குத்திப் பார்க்கிற தேர்மோமீட்டரைத் தொடையின் நடுவில், எலும்பில் முட்டாமல் வைத்தேன். பன்றி விஷயத்தில் நான் 71 பாகை செல்சியசுக்குக் குறைய இறக்கமாட்டேன். தோள் நார் நாராகப் பிரிய வேண்டுமென்றால் 90 வரை விட வேண்டும். வெள்ளிக்கிழமை, போயா (பௌர்ணமி நாள்), கோயில் திருவிழா எல்லாம் தள்ளி நாள் பார்த்தேன். முக்கியமாக, நெருப்புக்கு ஒரே ஆள். போகிற வருகிறவர் எல்லாரும் ஆளுக்கொரு கொள்ளியைத் தள்ளிவிட்டுப் போவதுதான் 2019 இல் எங்களைக் கெடுத்தது. இந்த முறை சித்தப்பா கையில் பூவரசந்தடியோடு கதிரை போட்டு இருந்தார். தணலைத் தொட வந்த ஒருவருக்கு முழங்காலில் ஒன்று விழுந்தது. பிறகு யாரும் வரவில்லை.

மூன்றாம் தரம் இன்னும் வாய்க்கவில்லை. 2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதியானது. அது மனிதருக்குத் தொற்றாது, ஆனால் வளர்த்தவர்கள் பாடு பெரும்பாடு. எனக்குப் பன்றி தந்தவரின் கொட்டிலும் வெறுமை.

உங்கள் கூடலுக்கென்று தனியாக இரண்டு சொல்ல வேண்டும். செடியின் இலையை மசாலாவிலோ தணலிலோ போடலாமா என்று யாராவது கேட்பான், கட்டாயம் கேட்பான். போடாதீர்கள். வயிற்று வழியாகப் போவது ஏற அரை மணியிலிருந்து இரண்டு மணித்தியாலம் எடுக்கும் என்று மச்சானே சொன்னான். ஏறவில்லை என்று இன்னொரு துண்டு தின்பார்கள். அந்தப் பண்ணைக்காரரின் தாயும் ஒரு துண்டு எடுப்பார், பேரப்பிள்ளையும் எடுக்கும். அடுத்தது, நெருப்புக்குப் பொறுப்பானவர் அன்றைக்குப் புகைக்கக் கூடாது. எட்டு மணித்தியாலம் தணலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஆனால் அதைக் கிளற மறந்துவிடுவார். அப்புறம், திறந்த நெருப்புக்கு அந்த ஊராட்சியில் அனுமதி வேண்டுமா என்று முதலே கேளுங்கள். ரொறன்ரோவுக்குள் வீட்டு வளவில் அப்படி மூட்டவே முடியாதாம்.

வாடகைப் பெட்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால் மேலே எழுதியதில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. அதைக் குறைவாக நினைக்கிறேன் என்று எடுக்க வேண்டாம். என்ன, பிறகு ஊருக்கு வந்து 'நான் செய்தனான்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பைப் இப்போது மாட்டுக்கொட்டில் கூரையில் செருகியபடி இருக்கிறது. அடுத்த ஓகஸ்டுக்கு வருவதாக மச்சான் சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தேங்காய் துருவும் வேலை ஒதுக்கியிருக்கிறேன்.