திரும்ப மறுக்கும் கார்: ஸ்டீயரிங் சர்வோ பற்றிய கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரங்களில் ரிமோட் கார் ஓட்டும் அன்பர்கள் முன் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார் பெட்டியான ஸ்டீயரிங் சர்வோ பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறேன். கேள்விகளைப் படித்தபோது, பெரும்பாலோர் கார் திரும்பவில்லை என்றதும் முதல் வேலையாகப் புதுச் சர்வோவைத் தேடுவது தெரிந்தது. சர்வோ தானாகக் கெடுவது குறைவு. இழுக்க முடியாத பாரமோ, போதாத மின்சாரமோ, எல்லை தாண்டிய திருப்பமோதான் பெரும்பாலும் அதைக் கெடுக்கிறது. காரணம் காரிலேயே இருக்கும்வரை அடுத்து வாங்கும் சர்வோவும் அதே வழியில்தான் போகும்.

கேள்வி (தேவகோட்டை): அண்ணே, நேற்று வரை நன்றாக ஓடிய 1/10 அளவுக் கார் இன்று முன்னும் பின்னும் போகிறது; ஸ்டீயரிங் மட்டும் அசையவே இல்லை. சர்வோ போய்விட்டது என்று கடையில் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: சற்றுப் பொறுங்கள். காரை ஒரு டப்பாவின் மேல் ஏற்றி, நான்கு சக்கரங்களும் தரையில் படாதபடி நிறுத்துங்கள். ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவரில் முதல் சேனலில் இருக்கும் சர்வோ பிளக்கையும், இரண்டாம் சேனலில் இருக்கும் இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பிளக்கையும் இடம் மாற்றிச் செருகுங்கள். எல்லாச் சேனல்களின் மின் முனைகளும் ரிசீவருக்குள் ஒன்றாகவே இணைந்திருப்பதால் மின்சாரம் வழக்கம்போல வரும். இப்போது ரிமோட்டின் டிரிக்கரை அழுத்தினால் சர்வோ அசைய வேண்டும். ரிமோட்டில் உள்ள ஸ்டீயரிங் சக்கரத்தைத் திருப்பினால் மோட்டார் ஓட வேண்டும்.

டிரிக்கருக்குச் சர்வோ அசைந்தால் சர்வோவில் குறை இல்லை. குற்றம் ரிசீவரின் முதல் சேனலிலோ ரிமோட்டிலோ இருக்கிறது. ரிமோட்டில் முதலில் பார்க்க வேண்டியது, ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பலாம் என்பதை அமைக்கும் டூயல் ரேட் குமிழ். பையில் வைக்கும்போது அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டால் ஸ்டீயரிங் செத்தது போலவே தோன்றும்.

டிரிக்கருக்கும் அசையவில்லை என்றால் ரிசீவரின் ஒரு சேனலில் நடுமுனைக்கும் கறுப்பு அல்லது பழுப்புக் கம்பி சேரும் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 5 அல்லது 6 வோல்ட் காட்டும். மின்சாரம் சரியாக இருந்தால், கம்பி சர்வோவுக்குள் நுழையும் இடத்தை விரலால் மெல்ல வளைத்துக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். திடீரென உயிர் வந்தால் கம்பி உள்ளே அறுந்திருக்கிறது. அதை வெட்டி ஈயம் வைத்து இணைத்தால் போதும்.

கேள்வி (கானாடுகாத்தான், பள்ளி மாணவர்): ஐயா, அப்பச்சி வாங்கித் தந்த கார் வீட்டுக்குள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அழகாகத் திரும்புகிறது. வெளியே செம்மண் பொட்டலுக்குக் கொண்டுபோனால் நிற்கும்போது சக்கரம் பாதிதான் திரும்புகிறது. ஓடும்போது கொஞ்சம் பரவாயில்லை. இதற்கு வலுவான சர்வோ வாங்க வேண்டுமா?

பதில்: தம்பி, நீங்கள் கவனித்ததிலேயே பாதி விடை இருக்கிறது. வழவழப்பான தரையில் டயர் வழுக்குவதால் சர்வோவுக்கு வேலை குறைவு. மண்ணில் டயர் பிடித்துக்கொள்கிறது. அதிலும் கார் நின்றபடி திரும்பும்போதுதான் பாரம் மிக அதிகம். அந்தக் கூடுதல் பாரத்தில் எங்கே விட்டுக்கொடுக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் சர்வோவின் தண்டில் மாட்டியிருக்கும் சிறு கையான ஹார்னிலிருந்து ஸ்டீயரிங்குக்குப் போகும் இணைப்புக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். இப்போது முன் சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எந்த இடத்திலும் இறுக்கம் தெரியாமல் வழிய வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் தூள் மிக நுண்ணியது. சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் ஸ்டீயரிங் முழங்கைகளிலும் அவற்றின் பேரிங்குகளிலும் எண்ணெய் விட்டிருந்தால், அந்தத் தூள் எண்ணெயோடு சேர்ந்து அரைத்த மாவாகி இறுகிவிடும். இங்கே வரும் கார்களில் நான் மிகுதியாகக் காண்பது இதுதான். திறந்த மூட்டுகளுக்கு எண்ணெய் விடவே வேண்டாம். பிரஷ்ஷால் துடைத்து உலர்வாக வைத்திருப்பதே நல்லது. திருகாணியை அளவுக்கு மேல் முறுக்கியிருந்தாலும் முழங்கை இறுகும்.

சக்கரம் தடையின்றித் திரும்பினால் கம்பியை மாட்டிவிட்டு, காரைத் தரையில் வைத்து, ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி சர்வோவின் தண்டையும், மோதல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் பாகமான சர்வோ சேவரையும் உற்றுப் பாருங்கள். தண்டு முழுதும் திரும்பி, சேவரின் ஸ்பிரிங் மட்டும் விரிந்து, சக்கரம் பின்தங்கினால் சேவர் தளர்ந்திருக்கிறது. தண்டே பாதியில் நின்றால் சர்வோவின் வலு போதவில்லை, அல்லது மின்சாரம் போதவில்லை.

வலுவைப் பற்றி ஒரு கணக்கு: 10 கிலோ சென்டிமீட்டர் என்று குறிப்பிடப்பட்ட சர்வோ, தண்டின் மையத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தொலைவில் 10 கிலோ எடையைத் தாங்கும், 2 சென்டிமீட்டர் தொலைவில் 5 கிலோதான். ஆகையால் ஹார்னில் கம்பியை ஒரு துளை உள்ளே தள்ளி மாட்டினாலே இழுவிசை கூடும். திருப்பத்தின் அளவு சற்றுக் குறையும். அப்பச்சியிடம் பணம் கேட்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): தம்பி, என் மகனுடைய காரில் சுவிட்சைப் போட்டதிலிருந்து ‘ஙீ’ என்ற சத்தம் வந்துகொண்டே இருக்கிறது, சர்வோ தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. இது ஆபத்தா?

பதில்: ஆம், ஆச்சி. அந்தச் சத்தம் கேட்டால் உடனே சுவிட்சை அணைத்துவிடச் சொல்லுங்கள். சர்வோ போக நினைக்கும் இடத்துக்கு அதைப் போகவிடாமல் ஏதோ தடுக்கிறது. அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும் மோட்டார் மின்சாரத்தை அதிகபட்ச அளவில் இழுத்துச் சூடாகிறது.

முழுத் திருப்பத்தில் மட்டும் சத்தம் வந்தால், சக்கரம் திரும்பி முடிந்த பிறகும் சர்வோ இன்னும் தள்ளுகிறது என்று பொருள். ரிமோட்டில் திருப்பத்தின் எல்லையை அமைக்கும் எண்ட் பாயிண்ட் வசதி இருந்தால் இடம், வலம் இரண்டையும் தனித்தனியே குறைத்து, சத்தம் நிற்கும் இடத்துக்குச் சற்று உள்ளே வைக்க வேண்டும்.

உங்கள் மகனுடைய காரில் நேராக இருக்கும்போதே சத்தம் வருவதால், ஹார்ன் தண்டின் தவறான பல்லில் மாட்டப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். ஹார்னைக் கழற்றிவிட்டு, ரிமோட்டில் நடுநிலையைச் சற்று நகர்த்தும் டிரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, ரிமோட்டை முதலிலும் காரை அடுத்தும் இயக்கச் சொல்லுங்கள். சர்வோ தன் நடுநிலைக்கு வந்து நிற்கும். அந்த நிலையிலேயே, சக்கரங்களை நேராக வைத்துக்கொண்டு ஹார்னைச் செருகி நடுத் திருகாணியை முறுக்க வேண்டும். சத்தம் அப்போதும் நிற்காவிட்டால் முன்பதிலில் சொன்னபடி இணைப்பில் இறுக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி (காரைக்குடி, கல்லூரி மாணவர்): அண்ணா, பழைய சர்வோவை எடுத்துவிட்டு எம்ஜி996ஆர் சர்வோவைப் போட்டேன். வேகமாக முடுக்கியபடி திருப்பினால் கார் முழுவதுமே ஒரு நொடி செத்துப்போய் மீண்டும் உயிர்பெறுகிறது. ரிசீவர் விளக்கும் அணைந்து எரிகிறது. ரிசீவர் கோளாறா?

பதில்: ரிசீவரை மாற்ற வேண்டாம். சர்வோவுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் தருவது இ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.இ.சி. என்ற பகுதி. நீங்கள் போட்டிருக்கும் சர்வோ 6 வோல்ட்டில் முட்டி நிற்கும்போது சுமார் 2.5 ஆம்பியர் இழுக்கக்கூடியது. சிறிய கார்களோடு வரும் இ.எஸ்.சி. பலவற்றில் பி.இ.சி. 1 அல்லது 2 ஆம்பியருக்கே உரியது. சர்வோ அதற்கு மேல் இழுக்கும் கணத்தில் வோல்டேஜ் சரிந்து, ரிசீவர் அணைந்து, மறுபடி தொடங்குகிறது. நீங்கள் முடுக்கும் அதே நேரத்தில் மோட்டாரும் பேட்டரியை இழுப்பதால், பழைய பேட்டரியாக இருந்தால் சரிவு இன்னும் மோசமாகும். எனவே முதலில் நல்ல பேட்டரியை முழுதும் சார்ஜ் செய்து போட்டுப் பாருங்கள்.

அதற்கும் சரியாகாவிட்டால் 5 ஆம்பியர் தரக்கூடிய தனி பி.இ.சி. ஒன்றை நேராகப் பேட்டரியிலிருந்து இணைப்பதே முறையான தீர்வு. அப்படி இணைக்கும்போது இ.எஸ்.சி. பிளக்கிலிருந்து சிவப்புக் கம்பியின் பின்னை வெளியே எடுத்து இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள், இரண்டு பி.இ.சி.கள் ஒரே ரிசீவருக்கு மின்சாரம் தரக் கூடாது. ரிசீவரின் காலிச் சேனலில் 16 வோல்ட், 2200 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் செருகுவதைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது நொடிப்பொழுதுச் சரிவைத் தாங்கும். குறைந்த திறனுள்ள பி.இ.சி.யைப் பெரியதாக்காது. முனை மாறிச் செருகினால் கபாசிட்டர் வெடிக்கும்.

மேலும், பி.இ.சி.யில் வோல்டேஜைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், சர்வோ எத்தனை வோல்ட்டுக்கு உரியது என்று பார்க்காமல் 7.4 வைக்காதீர்கள். 6 வோல்ட் சர்வோ அதில் கருகிவிடும்.

கேள்வி (புதுவயல்): என் சிறிய காரின் சர்வோவில் ஐந்து கம்பிகள் இருக்கின்றன. கடையில் மூன்று கம்பிச் சர்வோதான் கிடைக்கிறது. இரண்டை விட்டுவிட்டு இணைக்கலாமா?

பதில்: முடியாது. உங்கள் சர்வோவில் கட்டுப்பாட்டுச் சுற்று இல்லை. அது காரின் ரிசீவர் பலகையிலேயே இருக்கிறது. இரண்டு கம்பிகள் மோட்டாருக்கும் மூன்று கம்பிகள் நிலையை அறியும் பொட்டென்ஷியோமீட்டருக்கும் போகின்றன. அதே ஐந்து கம்பிச் சர்வோவை வாங்குங்கள். இல்லையென்றால் ரிசீவர், இ.எஸ்.சி., ரிமோட் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி (கோட்டையூர்): புதுச் சர்வோவில் பழைய ஹார்ன் நுழையவில்லை. தட்டி ஏற்றலாமா?

பதில்: தட்டாதீர்கள். ஃபுடாபா வகைத் தண்டுக்கு 25 பல், ஹைடெக் வகைக்கு 24, ஜே.ஆர்., சான்வா வகைக்கு 23. பல்லை எண்ணி அதற்குரிய ஹார்னை வாங்குங்கள்.

கேள்வி (திருப்பத்தூர்): ஐயா, சர்வோ நடுவில் நிற்காமல் நடுங்குகிறது. சில வேளை ஒரே பக்கமாகப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது.

பதில்: ரிசீவர் 20 மில்லி நொடிக்கு ஒருமுறை சர்வோவுக்கு ஒரு துடிப்பை அனுப்புகிறது. துடிப்பின் நீளம் 1.5 மில்லி நொடி என்றால் நடுநிலை. 1 முதல் 2 வரை மாறும்போது இடமும் வலமும். தான் எங்கே இருக்கிறோம் என்பதைச் சர்வோ பொட்டென்ஷியோமீட்டர் மூலம் அறிந்து இரண்டையும் ஒப்பிடுகிறது. அந்தப் பொட்டென்ஷியோமீட்டரின் கரித்தடம் தேய்ந்தோ அழுக்கடைந்தோ போனால் தவறான செய்தி வருகிறது, அதுவே நடுக்கம். நடுநிலையில்தான் அது மிகுதியாகப் புழங்குவதால் தேய்வும் அங்கேதான் முதலில் வரும். ஒரே கோடிக்குப் போய் நிற்பது, பொட்டென்ஷியோமீட்டரின் ஒரு கம்பி விட்டுப்போனதையோ மோட்டாரை இயக்கும் டிரான்சிஸ்டர்களுள் ஒன்று போனதையோ காட்டுகிறது. கம்பி விட்டிருந்தால் ஈயம் வைக்கலாம். மற்றபடி, விலை குறைந்த சர்வோவாக இருந்தால் இந்த ஒரு நிலையில் புதிது வாங்குவதே சரி. ஆனால் வேறொரு சர்வோவைச் செருகிப் பார்த்து அது நடுங்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே வாங்குங்கள்.

கேள்வி (ஆத்தங்குடி): அண்ணே, மழைக்குப் பின் ஊருணிக் கரைச் சேற்றில் ஓட்டினோம். அன்று நன்றாக இருந்தது. மறுவாரம் எடுத்தால் சர்வோ விறைத்துக் கிடக்கிறது.

பதில்: ஈரத்தை விட, ஈரத்தோடு மின்சாரம் பாய்வதுதான் கேடு, செம்புத் தடங்கள் பச்சை பூத்து அரிக்கப்படும். அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை 1953 முதல் தன்னிடம் வைத்திருக்கும் காரைக்குடியின் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் இதை அசட்டை செய்யக் கூடாது. சேற்றில் ஓட்டிய அன்றே பேட்டரியைக் கழற்றி, சர்வோவின் அடியில் உள்ள நான்கு நீளத் திருகாணிகளை எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். இப்போதும் திறந்து பாருங்கள். பல்சக்கரங்களில் காய்ந்த சேறு மட்டும் இருந்தால் பிழைத்துவிடும்.

கேள்வி (பொன்னமராவதி): பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து மாற்றினேன், மாற்றியதும் உடைந்துவிட்டது. உலோகப் பல்சக்கரம் போட்டால் தீருமா?

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கலாம். சர்வோவின் மேல்மூடியைத் தூக்குவதற்கு முன்பும் பின்பும் போனில் படம் எடுத்துக்கொண்டு, பல்சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உடைந்த பல்லின் துணுக்கு, எள்ளை விடச் சிறியது, பழைய கிரீசுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அது புதுச் சக்கரத்தின் பற்களுக்கிடையே சிக்கி அதையும் உடைக்கும். பழைய கிரீஸ் முழுவதையும் துடைத்துவிட்டுப் புதிது தடவுங்கள்.

மற்றது சர்வோ சேவர். கல்லிலோ சுவரிலோ சக்கரம் மோதும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளவே அது இருக்கிறது. அதன் நட்டைக் கடைசி வரை முறுக்கியிருந்தால் அதிர்ச்சி நேராகப் பல்லுக்குப் போகும். உலோகச் சக்கரம் போட்டாலும் சேவர் வேலை செய்யாவிட்டால், அடுத்து உடைவது ஸ்டீயரிங் முழங்கையாகவோ சர்வோவைத் தாங்கும் காதுகளாகவோ இருக்கும். காரை இயக்கிவைத்து முன் சக்கரத்தைக் கையால் அழுத்தித் தள்ளுங்கள். சர்வோ தண்டு அசையாமல் இருக்க, ஸ்பிரிங் விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்காவிட்டால் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி மறுபடி தள்ளிப் பாருங்கள். பிறகு தரையில் நிறுத்தித் திருப்பும்போது ஸ்பிரிங் விரிந்தால், அதில் பாதியை மட்டும் மீண்டும் இறுக்குங்கள்.