கால் அடைப்பின் தீவிரத்தை இரத்தப் பரிசோதனை சொல்லுமா?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: முக்கூடலில் வசிக்கும் என் தந்தையாருக்கு வயது 64. இளவயதிலிருந்தே பீடி புகைப்பவர். சர்க்கரை நோயும் உண்டு. முன்பெல்லாம் வீட்டிலிருந்து ஆற்றுப் படித்துறை வரை நிற்காமல் நடந்தவர், இப்போது பாதி வழியிலேயே கெண்டைக்கால் இறுகி நின்றுவிடுகிறார். சற்று நின்றால் வலி போய்விடுகிறது. திருநெல்வேலியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் புரதமான சி.ஆர்.பி. லிட்டருக்கு 6 மில்லிகிராம், ஃபைப்ரினோஜன் டெசிலிட்டருக்கு 480 மில்லிகிராம் என்று வந்துள்ளது. கால் தமனியில் (இரத்தக் குழாயில்) அடைப்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுமா?

பதில்: காட்டா. நீங்கள் எழுதியுள்ளவற்றில் மிகவும் கவலை தருவது அந்த இரண்டு எண்கள் அல்ல. பாதி வழியில் நின்றுவிடுகிறார் என்ற செய்திதான்.

தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படியும்போது அங்கே அழற்சியும் உண்டாகிறது. அதன் தூண்டுதலால் கல்லீரல் சி.ஆர்.பி.யையும், இரத்தம் உறைவதற்கு வேண்டிய ஃபைப்ரினோஜனையும் கூடுதலாகச் சுரக்கிறது. உறைந்த இரத்தம் கரையும்போது டி-டைமர் என்னும் புரதத் துணுக்கு உயர்கிறது. நோயாளிகளைக் கூட்டமாக வைத்துப் பார்த்த ஆய்வுகளில், நடந்தால் மட்டும் வலிப்பவர்களைவிட, படுத்திருக்கும்போதே வலிப்பவர்களுக்கும் விரல் கறுத்தவர்களுக்கும் இவற்றின் சராசரி அதிகமாக இருப்பது உண்மையே. ஆனால் சராசரியைத் தனி ஒருவருக்குப் பொருத்த முடியாது. ஈறு வீக்கம், மூட்டுவாதம், சென்ற வாரம் வந்துபோன காய்ச்சல் என எதுவும் சி.ஆர்.பி.யை உயர்த்தும், புகைப்பழக்கம் மட்டுமே ஃபைப்ரினோஜனை உயர்த்தும். காலில் புண் இருந்தால் அந்தப் புண்ணே எண்ணை ஏற்றிவிடும்.

சி.ஆர்.பி. 3-க்கு மேல் தொடர்ந்து நீடித்தால், அது மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடியிருப்பதைக் குறிக்கிறது. கால் தமனியில் அடைப்பு உள்ளவர்களில் பலர் காலால் அன்றி இதயத்தால்தான் உயிரிழக்கிறார்கள் என்பதால் இதைச் சிறிய செய்தியாகக் கருதக் கூடாது. எனினும் உங்கள் தந்தையாருக்கு உடனடியாகப் பயன்படும் இரத்தப் பரிசோதனைகள் வேறு: எல்.டி.எல். கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ஹீமோகுளோபின்.

தீவிரத்தை அறியக் கணுக்காலில் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் விகிதம் 0.60. இந்த விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு, 0.40-க்குக் கீழே போனால் நிலைமை கடுமையானது. சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு சிக்கல் உண்டு: தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து இறுகிவிடுவதால் விகிதம் 1.40-ஐத் தாண்டியோ, இயல்பானது போலவோ பொய்யாக வரலாம். அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் பார்ப்பார்கள். அடைப்பு எங்கே என்று அறிய, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் உதவும். வலியில்லாமல் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்பதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் 200 மீட்டருக்குள் நிற்க நேர்ந்தால் அது நோயின் அடுத்த படி. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லும்போது இந்தக் குறிப்பையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

பீடியை அடியோடு விட வேண்டும். ஊரில் பாதிப் பேருக்குப் பீடி சுற்றுவதே பிழைப்பாக இருக்கையில் அதை விடச் சொல்வது எளிதன்று என்பதை அறிவேன். ஆயினும் புகை தொடரும்வரை மருந்தும் அறுவை சிகிச்சையும் முழுப் பலன் தருவதில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெலும் மருத்துவர் பார்த்துத் தருவார். புண் ஏதும் இல்லையென்றால், வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பதை வாரம் மூன்று நாளாவது 30 முதல் 45 நிமிடம் செய்தால், சில மாதங்களில் நடக்கும் தூரம் கூடும். செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். ஆனித் தேரோட்ட நாளில் சுடும் தெருவில் வெறுங்காலோடு நின்று, உணர்ச்சி மரத்த பாதம் கொப்பளிப்பதை உணராமலே வீடு திரும்புபவர்கள் உண்டு. இரத்த ஓட்டம் குறைந்த காலில் அந்தப் புண் ஆறுவது மிகக் கடினம். இரவில் பாதம் வலித்துக் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தணிகிறது என்றாலோ, விரல் கறுத்தாலோ, புண் தோன்றினாலோ, இரத்த முடிவுகளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கிய பின் என் சி.ஆர்.பி. 5-லிருந்து 2-க்கு இறங்கிவிட்டது. கால் அடைப்பு கரைந்துவிட்டதாகக் கொள்ளலாமா? – ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கொள்ளக் கூடாது. ஸ்டாட்டின் அழற்சியையும் குறைக்கும் மருந்து என்பதால் சி.ஆர்.பி. இறங்கியிருக்கிறது. இதயத்துக்கு அது நல்லதே. ஆனால் அடைப்பு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். மாத்திரையை நிறுத்தாமல், கணுக்கால் அழுத்தத்தை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.