மாங்காய்ச் சொனையும் கொல்லாங்கொட்டைப் புகையும்

கேள்வி: என் வீட்டுக்காரர் ஊர் கேரளத்தில் நெய்யாற்றின்கரை. பள்ளி விடுமுறைக்கு மகனோடு களியக்காவிளைப் பக்கம் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். மகனுக்கு 9 வயது. போன வாரம் காற்றும் மழையும் அடித்த மறுநாள், விளையில் (தோப்பில்) விழுந்து கிடந்த மாங்காயை எடுத்து அப்படியே கடித்துத் தின்றான். அப்போதே உதடு எரிகிறது என்றான். இரண்டு நாள் கழித்து உதட்டைச் சுற்றியும், தாடையில் கோடு போட்டதுபோலவும் கறுத்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பி நீர் வடிகிறது. அதே நாளில் என் அப்பா முற்றத்தில் கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) சுட்டார். அவருக்குக் கண்ணிமை வீங்கி, விரல்களில் தோல் உரிகிறது. "எல்லாம் சூடு. மாம்பழமும் சக்கையும் (பலாப்பழம்) நிறுத்து" என்கிறாள் அம்மா. முந்திரிக்கொத்துகூடக் கொடுக்க விடவில்லை. மருந்துக் கடையில் ஒரு ட்யூப் தந்தார்கள். போட்டால் அரிப்பு உடனே அடங்குகிறது. தொடர்ந்து போடலாமா? ஜூன் முதல் வாரம் பள்ளி திறக்கும், அதற்குள் ஆறுமா? இனி அவன் மாம்பழமே தின்னக் கூடாதா?

மருத்துவர் பதில்:

சகோதரி, முதலில் அந்த ட்யூபை மூடி அலமாரியில் வையுங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பேரனுக்கும் பாட்டாவுக்கும் வந்திருப்பது ஏறக்குறைய ஒரே நோய். ஒருவர் மாமரத்தில் வாங்கினார், இன்னொருவர் கொல்லாமாவில் வாங்கினார், அவ்வளவுதான் வித்தியாசம். இந்தப் பெயரையே பாருங்கள். முந்திரி மரத்தை நம்மூரில் கொல்லாமாவு என்கிறோம். மலையாளத்தில் அதற்குப் பறங்கிமாவு என்றும் ஒரு பெயர். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். பறங்கி கொண்டுவந்த மாமரம் என்று ஊர்க்காரர்களே பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் தாவரவியல் படித்தவர்கள் இல்லை, ஆனால் தப்பாகச் சொல்லவில்லை. மாவும் கொல்லாமாவும் ஒரே குடும்பம். வண்ணார்கள் துணியில் குறி போட்ட சேங்கொட்டையும், மலையில் நிற்கும் சேரு மரமும், ஜப்பானில் அரக்குப் பூச்சுக்குப் பால் எடுக்கும் மரமும் இதே குடும்பம்தான். இவற்றின் பாலிலும் எண்ணெயிலும் உள்ள பொருள்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய சாயல் கொண்டவை. அவை தோலில் இரண்டு விதமாக வேலை செய்யும். பட்ட உடனே சுடும். அது அமிலம் பட்டதுபோல. ஒன்றிரண்டு நாள் கழித்து, உடம்பே அதை எதிரியாகப் பாவித்துக் கொப்புளமும் அரிப்புமாகச் சண்டைக்கு நிற்கும், அது ஒவ்வாமை. உங்கள் மகனுக்கு முதலில் எரிந்தது, பிறகு கொப்புளம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வரிசையாக நடந்திருக்கின்றன.

மாங்காய்க் காம்பை ஒடிக்கும்போது 'சுர்' என்று பீச்சும் பாலை நாம் சொனை என்போம். காம்புக்குள் அது அழுத்தத்தோடு அடைந்து கிடக்கிறது. ஒடித்த முதல் ஒரு நிமிடத்தில் வருவதுதான் பொல்லாதது, எண்ணெய்ப் பசை அதிகம். பிறகு கசிவது அவ்வளவு மோசமில்லை. காற்றில் விழுந்த மாங்காயில் இந்தச் சொனை காம்புக்குழியிலிருந்து தோல்வழியே வடிந்து காய்ந்திருக்கும். அடுத்த முறை ஒரு காயைக் கையில் எடுத்தால் பாருங்கள், சொனை ஓடிய தடத்தில் காயின் தோலே கருகி ஒரு கறுப்புக் கோடு விழுந்திருக்கும். பையன் தாடையில் இருப்பதும் அதே கோடுதான். சூடு என்றால் கோடு போட்டு வராது. வடிந்த பால்தான் கோடு போடும்.

அப்பாவின் கதை இன்னும் கொஞ்சம் உக்கிரம். கொல்லாங்கொட்டையின் ஓடு ஒற்றை ஓடு இல்லை. வெளி ஓட்டுக்கும் உள் ஓட்டுக்கும் நடுவில் தேன்கூடுபோல அறைகள், அறை முழுக்கக் காரமான எண்ணெய். வாகன பிரேக் கட்டைக்கும் பெயிண்டுக்கும் சேர்க்கிற சரக்கு அது. துளை போட்ட தகரத்தில் கொட்டையைப் போட்டு, கீழே ஓலையைக் கொளுத்தினால் அந்த எண்ணெய் சீறித் தீப்பிடிக்கும். கரும்புகையோடு எண்ணெய்த் துளியும் பறக்கும். முகத்தில் தோல் மிக மெல்லிசாக இருப்பது கண்ணிமையில், அதனால் முதலில் வீங்குவதும் அதுதான். கையில் பட்டதை அப்படியே கண்ணில் தேய்த்தும் இருப்பார். முந்திரி ஆலைகளில் ஓடு உடைக்கும் பெண்கள் கையில் எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு உட்காருவது இதற்காகத்தான். வீட்டில் சுடுகிறவர்கள் மட்டும் சும்மா கையோடு உட்காருகிறோம்.

நானும் உட்கார்ந்தவன்தான். ஏழாம் வகுப்பு விடுமுறையில், சுடாத பச்சைக் கொட்டையை நறுக்கி, அந்த எண்ணெயைத் தொட்டு இடது முழங்கைக்குக் கீழே என் பெயரின் முதல் எழுத்தை எழுதினேன். கூட இருந்த மூன்று பேரும் எழுதினார்கள், பந்தயம் மாதிரி. அன்று ராத்திரி ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் எழுத்து பொங்கி, பூரிபோல உப்பி நின்றது. சட்டைக் கையை இறக்கிவிட்டு ஒரு வாரம் ஒளித்து வைத்தேன். ஆறிய தடம் இன்றும் லேசாகத் தெரியும். ஊசி போட்டுக்கொள்ளப் பயந்து அழும் பிள்ளைகளுக்கு அதைக் காட்டித்தான் பேச்சுக் கொடுக்கிறேன்.

சரி, இப்போது என்ன செய்வது?

சொனையோ கொட்டை எண்ணெயோ பட்ட முதல் 10, 15 நிமிடங்கள்தான் பொன்னான நேரம். ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு, நகத்துக்கு அடியிலும் சேர்த்துக் கழுவ வேண்டும். வெறும் தண்ணீரில் எண்ணெய்ப் பசை போகாது. உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. இருந்தாலும் அன்று போட்டிருந்த சட்டை, காய் நறுக்கிய கத்தி, மாங்காய் பறித்த தோட்டி, அப்பா தோளில் போட்டிருந்த துண்டு எல்லாவற்றையும் சோப்பில் கழுவுங்கள். காய்ந்த பசை துணியில் இருந்துகொண்டே மறுபடி மறுபடி தோலில் படும். 'ஆறுகிற மாதிரி இருந்தது, திரும்ப வந்துவிட்டது' என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் துவைக்காத துண்டுதான்.

நீர் வடியும் இடத்தில், ஆறிய வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான வெள்ளைத் துணியை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, 10 நிமிடம் போட்டு எடுங்கள். உதட்டுக்கு வெறும் வாஸ்லின் போதும். கொப்புளத்தைக் குத்த வேண்டாம். அந்த நீர் பட்டால் பரவும் என்று பயப்படவும் வேண்டாம். அது ஒட்டுவதில்லை, தங்கச்சி தம்பிக்கும் வராது. புதிதாக ஓரிடத்தில் கிளம்பினால், அங்கே குறைவாகப் பட்டது தாமதமாகத் தெரிகிறது என்று அர்த்தம். அரிப்பில் தூங்காவிட்டால் செட்டிரிசின் போன்ற மருந்து தரலாம், ஆனால் அளவைப் பையனின் எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

சுண்ணாம்பு தடவாதீர்கள். பற்பசையும் வேண்டாம். சொனை சுட்ட இடத்தில் சுண்ணாம்பு வைத்தால், ஒரு புண்ணோடு வந்த பிள்ளைக்கு இரண்டு புண்ணாகும். போன வருடம் கத்தரி வெயிலில் அப்படி வந்த ஒரு பிள்ளையின் உதட்டைப் பார்த்துவிட்டு, நான் பாட்டியிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அவர் அமைதியாக, "மக்ளே, எனக்க அம்மை எனக்கு வச்சா" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச?

இப்போது அந்த ட்யூப். கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபீட்டசோல், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால், அதோடு பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று என்று சேர்ந்திருந்தால், அது எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகக் கடையில் எடுத்துக் கொடுக்கும் கலவை. அதில் உள்ள வீரியமான ஸ்டீராய்டுதான் அரிப்பை உடனே அடக்குகிறது. குழந்தை முகத்தில் அதை வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், சிவந்து பரு கிளம்பும், நிறுத்தினால் இன்னும் மோசமாகத் திரும்பும். இந்த நோய்க்கு ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. முகத்துக்கு வீரியம் குறைந்ததை, சில நாள் மட்டும், ஒரு மருத்துவர் பார்த்துத் தர வேண்டும். அப்பாவுக்கு வீக்கம் அதிகம் என்றால் மாத்திரைகூடத் தேவைப்படலாம். அவருக்குச் சர்க்கரை இருந்தால் மாத்திரை எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். அவரை நாளைக்கே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள், கண் சமாச்சாரம். பார்வை மங்கினாலோ கண் கூசினாலோ கண் மருத்துவரிடமே போங்கள். எண்ணெய் கண்ணுக்குள் தெறித்தால், வேறு எதுவும் விடாமல் 15 நிமிடம் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே அங்கே போக வேண்டும்.

பையனுக்குக் காய்ச்சல் வந்தாலோ, நீர் வடிந்தது சீழாக மாறினாலோ காத்திருக்காதீர்கள். மாம்பழம் தின்ற சில நிமிடங்களில் நாக்கு வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பது, மூச்சு இழுப்பது எல்லாம் வேறு வகை ஒவ்வாமை. அபூர்வம்தான், ஆனால் ஆபத்து. அப்படி வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

அம்மா சொல்லும் சூட்டுக்கு வருவோம். மாம்பழம் தின்பதால் கட்டி வருவதில்லை. மே மாதம் மாம்பழமும் வருகிறது, வேர்வையும் வருகிறது. வேர்வைக் குழாய் அடைத்தால் வேர்க்குரு, கசகசப்பில் கிருமி புகுந்தால் கட்டி. ஒரே மாதத்தில் வந்ததால் பழி பழத்தின் மேல் விழுந்துவிட்டது. ஆனால் அம்மாவைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை. மாம்பழத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு, காம்புப் பக்கம் ஒரு துண்டை அறுத்து எறிந்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார் அவர். சூடு போகும் என்று செய்தது, சொனையைக் கழுவியது. காரணம் பிசகு, காரியம் சரி. சேரு மரம் பட்டு வீங்கினால் தான்றி மரத்தைச் சுற்றி வா என்று மேற்கே சொல்வார்களே, அது மட்டும் என்னிடம் எடுபடாது. இரண்டு வாரத்தில் தானாக ஆறுகிற நோய்க்கு எந்த மரத்தைச் சுற்றினாலும் குணம்தான்.

சக்கை தாராளமாகக் கொடுங்கள். அதன் பால் பிசுபிசுவென்று ஒட்டுமே தவிர, அது மாவின் குடும்பம் இல்லை. தேங்காய் எண்ணெய் தடவி நறுக்கினால் கையும் கத்தியும் தப்பும். முந்திரிக்கொத்தைத் தடுத்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். அதில் இருப்பது சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும்தானே. முந்திரிப் பருப்பு எங்கே இருக்கிறது? பார்க்கத் திராட்சைக் குலை மாதிரி இருப்பதால் வந்த பெயர். மலையாளத்தில் இன்றும் திராட்சையை முந்திரி என்பார்கள், உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள். அம்மாவிடம் சொல்லி இரண்டு கூடுதலாகவே சுட்டுத் தரச் சொல்லுங்கள்.

மாம்பழம்? வாழ்நாள் தடை எல்லாம் இல்லை. வில்லங்கம் சொனையிலும் தோலிலும்தான், சதையில் மிகக் குறைவு. காயில் அதிகம், பழுக்கப் பழுக்கக் குறையும். புண் முழுதாக ஆறும்வரை பொறுங்கள். அப்புறம் நன்றாகப் பழுத்த ஒரு செங்கவருக்கை மாம்பழத்தை எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காம்புப் பக்கத்தைத் தாராளமாக அறுத்து எறிந்து, தோலைத் தடிமனாகச் சீவி, கத்தியையும் கையையும் இன்னொரு தடவை கழுவிய பிறகு, சதையை மட்டும் துண்டு போட்டுக் கொடுங்கள். நறுக்குவது நீங்கள், அவன் இல்லை. முதல் நாள் ஒரு துண்டு, இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்தது. மாங்கொட்டையை வாயில் வைத்து உறிஞ்சுவதும் தோலைப் பல்லால் வழிப்பதும் அவனுக்கு இனி இல்லை. அதுதான் பெரிய நஷ்டம், எனக்குப் புரிகிறது. தோலோடு போட்ட மாங்காய் ஊறுகாயையும் தள்ளி வையுங்கள். அவனைப் போன்றவர்களுக்குக் கொல்லாமாவும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு உண்டு. கொட்டை சுடும்போது முற்றத்தில் நிற்க விடாதீர்கள், பச்சை அண்டியை, அதாவது சுடாத கொட்டையை, பல்லால் உடைக்கவே கூடாது.

பள்ளி திறப்பதற்குள் கொப்புளம் வற்றிப் பொருக்கு உதிர்ந்திருக்கும். கறுப்புத் தடம் மட்டும் இரண்டு மூன்று மாதம்கூட நிற்கலாம். அதற்கு எந்தக் கிரீமும் வாங்காதீர்கள், வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் தானாக மங்கும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் வெயிலுக்கும் பெரிதாக வேலை இல்லை. வகுப்பில் யாராவது கேட்டால், மாமரத்தோடு சண்டை போட்டேன் என்று சொல்லச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் சுடாத கொட்டை இன்னும் அரைச் சாக்கு மிச்சம் இருக்குமே. அதை விற்றுவிடச் சொல்லுங்கள்.