‘நத்திங் ஃபேஸஸ் ஹெர்’: பாராட்டா, குத்தலா?

கேள்வி: ஆண்டு மதிப்பீட்டில் என் மேலாளர் என்னைப் பற்றி ‘நத்திங் ஃபேஸஸ் ஹெர்’ என்று எழுதியிருக்கிறார். அகராதியில் ‘கலங்கச் செய்தல்’ என்று இருக்கிறது. எதையும் கண்டுகொள்ளாதவள் என்கிறாரா? எஃப்-ஏ-இஸட்-ஈ என்ற எழுத்தும் சரிதானா?

பதில்: பாராட்டுதான், எழுத்தும் சரிதான். ‘எதற்கும் அசராதவர்’ என்கிறார். கண்டுகொள்ளாதவர் என்று குத்த நினைத்திருந்தால் ‘இன்டிஃபரன்ட்’ என்று எழுதியிருப்பார். அசராதவருக்குப் பிரச்சினை நன்றாகவே தெரியும். பதற மாட்டார், அவ்வளவுதான்.

‘கட்டம்’ என்று பொருள்படும் பி-எச்-ஏ-எஸ்-ஈ வேறு சொல். அது கிரேக்க வழி வந்தது. உச்சரிப்பு ஒன்றே என்பதால் ஆங்கிலேயர்களே இரண்டையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். தமிழில் எழுதினால் முகத்துக்கான ஃபேஸும் சேர்ந்துகொள்ளும், கேட்கவே வேண்டாம்! உங்கள் மேலாளரின் சொல் பழைய ஆங்கிலத்தில் ‘விரட்டு’ என்று பொருள்பட்ட வினையிலிருந்து வந்தது. இன்றைய வடிவம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பிறந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த வினை பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். ‘இட் டிட்நாட் ஃபேஸ் மீ’ இயல்பு. ‘இட் ஃபேஸ்டு மீ’ காதில் கொஞ்சம் உறுத்தும். நம் ‘அசர்’ கிட்டத்தட்ட அப்படித்தான். ‘மிரட்டினார்கள், அவர் அசரவில்லை’ என்போம். அதையே ‘அசந்துவிட்டார்’ என்று திருப்பிப் பாருங்கள், மிரட்டலே காணாமல் போய்விடும்: களைப்பில் கண் அயர்ந்தார் என்றாகும், அல்லது வியந்துபோனார் என்றாகும். அகராதி தந்த ‘கலங்கச் செய்தல்’ தப்பில்லை, ஆனால் இந்த ஒற்றுமையை அது காட்டாது.

சரி, உண்மையிலேயே ஒன்று உங்களை நிலைகுலைய வைத்தால்? நேர்காணலில் எதிர்பாராத கேள்வி வந்து வாய் குழறினால் ‘ராட்டில்டு’. கரண்ட் போன இரவில் மாடியில் காலடிச் சத்தம் கேட்டால் ‘அன்னெர்வ்டு’. இதில் பயமும் கலந்திருக்கிறது. எதிரே இருப்பவர் பேசாமல் உங்களையே உற்றுப் பார்த்தால் ‘டிஸ்கன்சர்ட்டிங்’.

அப்புறம், உங்கள் பயோடேட்டாவில் ‘அன்ஃபேஸ்டு பை டைட் டெட்லைன்ஸ்’ என்று தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். எஃப்-இல் தொடங்கும் எழுத்துக்கூட்டலை மட்டும் நீங்களே சரிபாருங்கள். பி-எச் ஃபேஸும் அகராதியில் உள்ள சொல் என்பதால், கணினி அதன் அடியில் சிவப்புக்கோடு போடாமல் விட்டுவிடக்கூடும்.