சூரியன் நொறுங்குமா?

கேள்வி: ஆண்ட்ரோமெடா என்ற நட்சத்திரத் திரள் (கேலக்ஸி) நம் பால்வீதித் திரளோடு மோதப்போகிறதாமே ஐயா? சூரியன் நொறுங்கிவிடுமா என்று மகன் கேட்கிறான். – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நொறுங்காது அம்மா, தம்பியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். சூரியனை ரப்பர் கொட்டை அளவுக்குச் சுருக்கி உங்கள் ஊரில் வைத்தால், அடுத்த நட்சத்திரம் ஏறக்குறைய தீபகற்பத்தின் தென்கோடியில், ஜொகூர் பாருவில் கிடக்கும். திரள்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தாலும் நட்சத்திரங்கள் முட்டிக்கொள்வது அபூர்வம். முட்டுவது வாயு மேகங்கள்தான். அவை நெருக்குண்டு புது நட்சத்திரங்கள் கூட்டமாகப் பிறக்கும்.

நம் பால்வீதியே இப்படி வளர்ந்ததுதான். சுமார் 10 பில்லியன் ஆண்டுகளுக்கு முன் அது விழுங்கிய ஒரு சிறு திரளின் நட்சத்திரங்களை, நட்சத்திரங்களின் இடத்தையும் ஓட்டத்தையும் அளந்த கையா விண்கலத்தின் தரவுகளை வைத்து 2018இல் அடையாளம் கண்டார்கள். எனக்கு மோதலைவிட இதுதான் பெரிய வியப்பு!

நவம்பர் கடைசியில், மழை விட்ட இரவில், ஒன்பது மணிக்கு மேல் செம்பனை ஓரமாகத் தம்பியைக் கூட்டிப்போய் பைனாகுலரில் வடக்கே பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் பளிச்சென்று, ஓரம் மங்கிய நீளத் திட்டுதான் ஆண்ட்ரோமெடா, 2.5 மில்லியன் ஒளியாண்டுத் தொலைவு. நொடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது. ஆனாலும் மோதல் உறுதியில்லை. அடுத்த 10 பில்லியன் ஆண்டுகளில் அதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புதான் என்கிறது 2025இல் வெளிவந்த கணக்கு.