ஏழு மதிப்பெண் எங்கே போனது?

கேள்வி: என் மகன் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறான். யு.எஸ்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் ஏழு மதிப்பெண்ணில் தவறிவிட்டது. அப்புறம் பொள்ளாச்சியில் ஒரு கோச்சிங் சென்டர் இலவசமாகத் திறனறித் தேர்வு வைத்தது. ‘சராசரிக்குக் கீழே’ என்று கலர் கலராக ஒரு ரிப்போர்ட் கொடுத்து, எட்டாம் வகுப்பிலிருந்தே நீட் பவுண்டேஷன் கோர்ஸில் சேர்த்தால்தான் தேறுவான் என்கிறார்கள். வளையலை அடகு வைக்க வேண்டியிருக்கும். ‘மலையாளம் மீடியத்தில் போட்டிருந்தால் ஜெயித்திருப்பான்’ என்று கொழுந்தனார் சொல்லிக்காட்டுகிறார். தினமும் பாட்டிக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறவன், ரிசல்ட் வந்த நாளிலிருந்து வாசிப்பதில்லை. இந்தத் தேர்வுகள் சொல்வது உண்மையா? என் மகன் மக்கா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வடகரப்பதி, பாலக்காடு மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உங்கள் மகன் மக்கு என்று எந்தத் தேர்வும் சொல்லவில்லை. சொல்லும் சக்தியும் அவற்றுக்குக் கிடையாது.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவள் நான். ஒரு தேர்வின் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், அந்தத் தேர்வை எதற்காக வைத்தார்கள் என்று கேட்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். யு.எஸ்.எஸ். ஒரு சல்லடை. கேரளம் முழுக்க உள்ள ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் உதவித்தொகைக்குச் சிலரைப் பொறுக்கி எடுப்பது அதன் வேலை. ஒரு கோடு போட்டாக வேண்டும், போட்டார்கள். கோட்டுக்கு ஏழு மதிப்பெண் கீழே நிற்கிற பையனுக்கும், கோட்டைத் தொட்டு நிற்கிற பையனுக்கும் அறிவில் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. அதே தேர்வை இருவரும் அடுத்த வாரம் எழுதினால் இடம் மாறக்கூடும். தூக்கம் கெட்ட ஒரு ராத்திரி போதும், ஏழு மதிப்பெண் போவதற்கு.

அந்தக் கோச்சிங் சென்டர் ரிப்போர்ட்டைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. ‘சராசரிக்குக் கீழே’ என்றால் யாருடைய சராசரி? அன்றைக்கு அந்த ஹாலில் உட்கார்ந்த பிள்ளைகளின் சராசரியா, தமிழ்நாட்டு எட்டாம் வகுப்பின் சராசரியா, கேரளத்து ஏழாம் வகுப்பின் சராசரியா? இதைச் சொல்லாத ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே கிடையாது. வினாத்தாளைத் திருப்பிக் கொடுத்தார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். தேர்வு வைக்கிறவரே கோர்ஸையும் விற்கிறவராக இருந்தால், அந்த மதிப்பெண்ணை நம்பி ஒரு பொட்டுத் தங்கத்தைக்கூடக் கழற்ற வேண்டாம்.

பிள்ளைகளின் அறிவை அளக்கும் தேர்வை 1905இல் பாரிஸில் முதலில் வடிவமைத்தவர்களில் ஒருவர் ஆல்ஃபிரெட் பினே. எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் அவர் அதைச் செய்தார். அந்த எண் பிள்ளைக்கு ஆயுசு முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. நூறு வருஷம் தாண்டியும் நாம் அதை முத்திரை குத்தத்தான் பயன்படுத்துகிறோம்.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான்காம் வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வி: ‘வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள்?’ மேடான இடத்துக்குப் போவோம், பெரியவர்களிடம் சொல்வோம் என்று எழுதினால் மதிப்பெண். ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: ‘குடத்தில் பிடித்து வைப்போம்.’ பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். சாயந்திரம் வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். மழை மறைவில் இருக்கிற நம் பக்கத்தில் குழாயில் தண்ணீர் வந்தால் யாராக இருந்தாலும் குடத்தைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அந்தப் பிள்ளை இரண்டு மொழிக்கு நடுவில் நின்று, தன் வீட்டுக்குப் பொருத்தமான சரியான பதிலை எழுதியிருந்தாள். மறுநாள் அவளைக் கூப்பிட்டு மதிப்பெண்ணைத் திருத்தினேன். நான் யோசிக்காமல் போட்ட பூஜ்யங்கள் இன்னும் எத்தனையோ என்ற வருத்தம் இன்றும் போகவில்லை.

அதனால்தான் மொழி பற்றி உங்கள் கொழுந்தனார் சொல்வதை முழுக்கத் தள்ளவும் மாட்டேன், ஏற்கவும் மாட்டேன். கேள்வித்தாளின் மொழி மதிப்பெண்ணைத் தின்னும் என்பது உண்மை. 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. தமிழில் எழுதியவர்களுக்குக் கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆனால் இதற்கெல்லாம் பரிகாரம், வீட்டில் தமிழில் யோசிக்கிற பிள்ளையை ஏழாம் வகுப்புக்குப் பிறகு மலையாள வழிக்கு இழுப்பது ஆகாது. அவனுக்கு மலையாளம் பேச, வாசிக்க நன்றாக வரட்டும், அது வேறு. கணக்கும் அறிவியலும் அவன் மனசில் எந்த மொழியில் ஓடுகிறதோ அதிலேயே ஓடட்டும்.

இவ்வளவும் சொல்கிறேன் என்பதால் தேர்வே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு பெரிய துணை. விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு உங்கள் பையனின் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று தெரியாது. பள்ளி மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுப்பதில் இருக்கிற சிக்கலையும் கேரளத்தில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். 2025 எஸ்.எஸ்.எல்.சி.யில் தேர்ச்சி 99.5 சதவீதம். அவ்வளவு பேரும் தேறுகிற தேர்வு யாரையும் பிரித்துக் காட்டாது. அதே வருஷம் ஜூலையில், கேரளத்துப் பொறியியல் நுழைவுத் தேர்வான கீமின் தரவரிசை என்ன பாடு பட்டது! வெவ்வேறு போர்டின் பிளஸ் டூ மதிப்பெண்ணை ஒரே தட்டில் நிறுக்க அரசு கடைசி நேரத்தில் முறையை மாற்றியது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, பட்டியலைப் பழைய முறையில் மறுபடி போட்டார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பலர் கீழே சரிந்தார்கள். பத்தே நாளில் அந்தப் பிள்ளைகளின் மூளையா மாறியது?

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது.

யு.எஸ்.எஸ். வினாத்தாள் வீட்டில்தான் எங்காவது இருக்கும், தேடி எடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் பார்க்காமல் அவனையே மறுபடி போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஏன் இந்தப் பதில்?’ என்று மட்டும் கேளுங்கள், திட்ட வேண்டாம். என் மாணவன் ஒருவனுக்கு இப்படிச் செய்தபோது, கணக்கில் தவறிய ஐந்தில் நான்கு ஒரே காரணத்தால் போயிருந்தது. ‘எத்தனை மடங்கு’ என்று கேட்ட இடத்திலெல்லாம் ‘எவ்வளவு அதிகம்’ என்று படித்துக் கழித்துவிட்டிருந்தான். வகுத்தல் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த ஒரு சொல்லை அரை மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்தோம், தீர்ந்தது. இப்படி ஏதாவது தட்டுப்பட்டால் குறித்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் காட்டுங்கள். 2024-25இலிருந்து கேரளத்தில் எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 30 சதவீதம் கட்டாயம். எடுக்காத பிள்ளைகளுக்குத் தனியாக வகுப்பு வைத்து மறுபடி எழுதவைக்கிறார்கள். தேர்வு முடிந்த பிறகும் பிள்ளையை விடாமல் பிடித்துக்கொள்கிற இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

உதவித்தொகை வேண்டுமென்றால் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு இருக்கிறது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். பள்ளியில் இப்போதே சொல்லி வையுங்கள். இதற்கு வளையல் தேவையில்லை, பழைய வினாத்தாள் நாலைந்து போதும்.

நீட் பற்றிக் கவலைப்பட இன்னும் காலம் இருக்கிறது. அது பதினொன்று, பன்னிரண்டு வகுப்புப் பாடத்தில் வருகிற தேர்வு. 180 நிமிஷத்தில் 180 கேள்வி, தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. அந்த வேகம் கடைசி இரண்டு வருஷத்தில் பழகிக்கொள்கிற விஷயம். பதிமூன்று வயதில் அதற்கு ஓடவிட்டால், ‘ஏன்’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு நாலு கட்டத்தில் ஒன்றைக் கறுப்பாக்க மட்டும் பிள்ளை கற்றுக்கொள்வான். டாக்டர் ஆக வேண்டும் என்று அவனே கேட்டானா? கடிதத்தில் அது இல்லையே.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உலுக்கியது அவன் பேப்பர் வாசிப்பதை நிறுத்தியதுதான். நாளைக் காலையில் பாட்டியையே கூப்பிடச் சொல்லுங்கள், நீங்கள் சொல்ல வேண்டாம். ‘கண்ணு தெரியல, சாமி, வாசி’ என்றால் எந்தப் பேரன் மறுப்பான்? அந்த ஏழு மதிப்பெண் எந்தெந்தக் கேள்வியில் போனது என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், அவன் கையெழுத்திலேயே எழுதினால் இன்னும் சந்தோஷம்.