கேள்வி – பதில்: சவரக்கத்திக்கான தீட்டுக்கல்

கேள்வி: மடக்கும் சவரக்கத்தியை 1000, 4000, 8000 எண் கற்களில் (எண் கூடக் கூடக் கல்லின் துகள் நுண்ணியதாகும்) வரிசையாகத் தீட்டுகிறேன். முனைப்பக்கமும் அடிப்பக்கமும் நன்றாக மழிக்கின்றன. நடுப்பகுதி மட்டும் மயிரைப் பிடித்து இழுக்கிறது. குறை கத்தியிலா, என் கையிலா?

பதில்: முதலில் கல்லைச் சந்தேகியுங்கள். தொடர்ந்து தீட்டத் தீட்ட எந்தக் கல்லும் நடுவில்தான் அதிகம் தேயும். சமையல் கத்தியின் சாய்வைத் தீட்டுபவரின் கை தீர்மானிக்கிறது. சவரக்கத்தியிலோ முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிந்து சாய்வைத் தாமே அமைத்துக்கொள்வதால், கல் குழிந்திருந்தால் இரு ஓரங்கள் மட்டும் தீட்டப்பட்டு நடுப்பகுதி கல்லைத் தொடாமலே போய்விடும். எஃகு அளவுகோலைக் கல்லின்மேல் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் நிறுத்தி வைத்து, பின்புறம் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். அடியில் ஒளி கசிந்தால் கல் குழிந்திருக்கிறது.

சமப்படுத்துவதற்குத் தடித்த கண்ணாடிப் பலகையும், நீர் பட்டாலும் கிழியாத உப்புத்தாளும் போதும். 1000 எண் கல்லுக்கு 220 அல்லது 320 எண் தாளும், 8000 எண் கல்லுக்கு 600 எண் தாளும் பொருந்தும். கல்லின் முகம் முழுவதும் பென்சிலால் கட்டங்கள் வரைந்து, தாளை நனைத்துக் கண்ணாடிமேல் விரித்து, அதன்மேல் கல்லின் முகத்தை அதிகம் அழுத்தாமல் எட்டு வடிவில் தேய்த்து, இடையிடையே கல்லின் இரு முனைகளும் இடம் மாறும்படி திருப்புங்கள். ஓரத்துக் கோடுகள் முதலில் மறையும், நடுக்கோடுகள் பிடிவாதமாக நிற்கும். அவையும் மறைந்தபின் மறுபடி வரைந்து ஒருமுறை தேய்த்தால், இம்முறை எல்லாக் கோடுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அழிய வேண்டும். புதிதாக வாங்கிய கல்லையும் இப்படிச் சோதித்த பிறகே கத்தியை வைப்பது நல்லது.

அடுத்த வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கல்லின் மேல் விளிம்புகள் நான்கையும் சாய்வாக வைத்து ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மழுக்குங்கள். கூரான கல் விளிம்பு கத்தியின் விளிம்பைச் சிதைத்துவிடும். பின்பு ஓடும் நீரில் கல்லை நன்றாகக் கழுவுங்கள். 220 எண் தாளின் துகள் ஏறத்தாழ 60 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 8000 எண் கல்லின் துகளோ ஒன்றரை மைக்ரானுக்கும் குறைவு. தப்பி நின்ற ஒரே ஒரு பெருந்துகள் அதுவரை செய்த வேலையைக் கெடுத்துவிடும்.

சமப்படுத்திய பிறகும் குறை நீடித்தால், விளிம்பில் மார்க்கர் மையைத் தடவி ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நடுவில் மை அழியாமல் இருந்தால் கத்தியின் விளிம்பே உட்குழிந்திருக்கிறது. அதற்கு 1000 எண் கல்லில் பொறுமையாக வேலை செய்ய வேண்டும்.

கேள்வி: கற்களை எப்போதும் நீரிலேயே போட்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நுண்துளைகள் நிறைந்த முரட்டுக் கற்கள் சிலவற்றை, குமிழிகள் நிற்கும்வரை ஊறவைத்துப் பயன்படுத்துவார்கள். மெக்னீசியா என்னும் சிமெண்டு போன்ற பொருளால் துகள்கள் பிணைக்கப்பட்ட கற்களோ நீண்ட நேரம் ஊறினால் மென்மையாகி, காயும்போது வெடிக்கும். அவற்றுக்குத் தீட்டும் நேரத்தில் தெளிக்கும் நீரே போதும். உற்பத்தியாளர் தரும் குறிப்பை இதில் மட்டுமாவது வாசித்துவிடுங்கள்! வேலை முடிந்ததும் கல்லைக் கழுவி, வெயிலோ அனலோ படாத காற்றோட்டமான நிழலில், பல பக்கங்களிலும் காற்றுப் படும்படி ஒருக்களித்து நிறுத்துங்கள். ஈரக் கல்லை உறைகுளிரில் விட்டால், உள்ளிருக்கும் நீர் விரிந்து அதைப் பிளந்துவிடும்.

கேள்வி: பெல்ஜியத்து மஞ்சள் நிறக் கல்லான கோட்டிக்யூலையும் இப்படித்தான் பராமரிக்க வேண்டுமா?

பதில்: சமப்படுத்தும் முறை அதேதான், ஊறவைக்கத் தேவையில்லை. ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கப்படும் இந்தக் கல்லில் அறுக்கும் வேலையைச் செய்பவை கார்னெட் என்னும் கடினக் கனிமத்தின் நுண்ணிய மணிகள். அதே கல்லின் சிறு துண்டால் நீர்விட்டுத் தேய்த்துப் பால்போன்ற குழம்பை எழுப்பினால் வேகமாக அறுக்கும். ஆனால் அடர்ந்த குழம்பில் விளிம்பு ஓரளவுக்குமேல் கூர்மை பெறாது. ஆகவே சிறிது சிறிதாக நீர் சேர்த்துக் குழம்பை மெலியவிட்டு, கடைசி இழுப்புகளைத் தெளிந்த நீரில் முடிக்க வேண்டும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். எண்ணெய் பட்ட கல்லில் மறுபடி நீர் ஒட்டாமல் உருண்டோடும்.